உன் படத்தைச் சுருக்கியது நான்தான்

அன்பும் கோபமும் சரிபாதியாக, மாப்பிள்ளை குமரேசனுக்கு,

நீ போய் ஒரு வருசம் ஆகப்போகிறது. அங்கே எப்படி இருக்கிறாய் என்று கேட்கமாட்டேன். நீ எங்கே இருந்தாலும் நாலு பேர் உன்னைச் சுற்றி உட்கார்ந்து சிரித்துக்கொண்டுதான் இருப்பார்கள். அதை நினைத்தாலே எனக்கு இங்கே வயிறு எரிகிறது.

உன் சாவுக்கு வந்த லாரிகளை நான் எண்ணினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இருபத்தேழு. அழுதுகொண்டேதான் எண்ணினேன். நான் போனால் எத்தனை வரும் என்று அங்கேயே ஒரு கணக்குப் போட்டேன். என் பட்டறையில் நிற்கிற வண்டிகளைச் சேர்த்தும் ஆறைத் தாண்டவில்லை. அதிலும் இரண்டுக்கு டயர் கிடையாது.

இந்தக் கடிதத்தை நம் ‘தலை பத்திரம்’ ஆப்பிலேயே போடப்போகிறார்கள். உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால், உனக்குத் தெரிந்த கதையையே உனக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நான் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறைக்காரன். பத்தாவது, அதையும் இரண்டாம் தடவை எழுதித் தேறியவன். நீ பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தவன். தாழ்வான பாலத்தில் மேல்சட்டத்தைப் பிய்த்துக்கொண்டு ஒரு வண்டி பட்டறைக்கு வந்து நின்றபோது, “எந்தப் பாலம் எத்தனை அடின்னு டிரைவருக்கு ஃபோன்லயே தெரிஞ்சா என்ன மாப்ளே?” என்று கேட்டது நான். ஆமாம், நான்தான். அதைப் பத்தே நாளில் ஆப் ஆக்கியது நீ. ஊருக்கு இரண்டாவது பாதி மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

யாரும் சம்பளம் வாங்காத வேலை அது. டிரைவர்கள் பாலங்களை அளந்து அனுப்புவார்கள். என் மகள் சுகந்தியைப் போல கம்ப்யூட்டர் படித்த ஏழெட்டுப் பேர் ஓய்வு நேரத்தில் உள்வேலையைப் பார்ப்பார்கள். ஆனால் எது உள்ளே போகலாம், எது போகக்கூடாது, யார் வரலாம், யாரை வெளியே நிறுத்தலாம் என்று முடிவு செய்கிற சாவி, அந்த பாஸ்வேர்டு, உன் ஒருவனிடம் மட்டும்.

அதற்காக உன்னிடம் எவ்வளவு கத்தினேன்! டீக்கடையில் வைத்தே கத்தினேன்.

“ஏன்டா, இதென்ன உங்கப்பன் ஊட்டுச் சொத்தா? மூணு பேர்த்துகிட்டயாச்சும் சாவி இருக்கோணும்டா.”

“நான் என்ன மாப்ளே, ஓடியா போயிருவேன்?”

“ஓடமாட்டே. நீ தப்புப் பண்ணுனா கேக்கறது ஆரு?”

“அதான் நீ கேட்டுட்டே இருக்கறயே. டீ ஆறுது, குடி.”

அத்தோடு முடிந்தது. சுகந்தியும் என்னென்ன விதிமுறை வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். “அருமையா இருக்குது சாமி” என்று வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தாய். அந்தச் சட்டை அதற்கப்புறம் எத்தனை தடவை துவைக்கப்பட்டதோ.

உன்மேல் கோபப்படவும் முடியவில்லை. உன் கையில் இருந்தவரை ஒரு எண்கூடத் தப்பு என்று பேச்சு வரவில்லை. தப்பே செய்யாத ஆளைப் பார்த்துக் கேள்வி கேட்டால், கேட்கிறவன்தானே கெட்டவனாகத் தெரிவான்? நான் அப்படித்தான் தெரிந்தேன்.

பிறகு கோயமுத்தூர் ஆஸ்பத்திரி. யாரோ கொடுத்த கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் கோணல் எழுத்தில் பாஸ்வேர்டை எழுதி என் கையில் திணித்தாய். “நல்லவன் கையில இருந்தாப் போதும் மாப்ளே. உன்கிட்டயே இருக்கட்டும்” என்றாய். நான் அழுதேன். நீ போகப்போகிறாய் என்பதற்காக அழுதேன். என்னை நல்லவன் என்று சொன்னாயே, அதற்காகவும் அழுதேன்.

ஏன் என்னைத் தேர்ந்தெடுத்தாய்? உன்னோடு சண்டை போட்ட ஒரே ஆள் என்பதாலா? இல்லை, அந்த நேரம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது நான் மட்டும்தான் என்பதாலா?

காரியம் முடிந்த மறுவாரம் சுகந்தி அதே இரண்டு பக்கத்தைப் புதிதாக அச்செடுத்துக்கொண்டு வந்தாள். “இப்பவாச்சும் இதப் பண்ணிரலாங்கப்பா.” நான் என்ன சொன்னேன் தெரியுமா? “நான் என்ன சாமி, ஓடியா போயிருவேன்?”

சாவி உன் கையில் இருந்தபோது அதற்குப் பெயர் எதேச்சாதிகாரம். என் கைக்கு வந்ததும் அது பொறுப்பு ஆகிவிட்டது.

முதலில் உன் படத்தைப் பற்றிச் சொல்கிறேன். நீ போனதும் ஆப்பின் முதல் பக்கத்தில் உன் படத்தைப் போட்டார்கள். திறந்தால் நீ சிரிக்கிறாய். காலையில் பல் விளக்குமுன் சிரிக்கிறாய், மத்தியானம் சாப்பிடும்போது சிரிக்கிறாய். நன்றி சொல்லி வருகிற செய்தி எல்லாம் ‘குமரேசண்ணன் புண்ணியம்’ என்றுதான் வரும். யாருக்காவது நான் பதில் எழுதினால், ‘அண்ணன் இருந்தா இத இன்னும் வெளக்கமாச் சொல்லியிருப்பாரு’ என்று கீழே ஒரு வரி விழும்.

படத்தை அழிக்கவில்லை மாப்ளே. அவ்வளவு தைரியம் இல்லை. வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கினேன். முறுக்கு அளவு இருந்தவன் கடலைமிட்டாய் ஆனாய். அப்புறம் பொரிகடலை ஆனாய்.

உன் மனைவி சரசு ஒரு நாள் வீட்டுக்கு வந்தது. “ஏனுங்கண்ணா, எனக்குக் கண்ணாடி மாத்தோணுமாட்ட இருக்குது. ஃபோன்ல இவரு மொகமே தெரியமாட்டேங்குதுங்க.” நான் வாய் கூசாமல், “வயசாகுதல்ல அம்மிணி” என்றேன். பாவம், கண் டாக்டரிடம் போய் டோக்கன் வாங்கி அரை நாள் உட்கார்ந்துவிட்டு வந்தது.

இப்போது பாலத்துக்கு வருகிறேன். சேலம் போகிற பக்கம் ரயில் பாதைக்கு அடியில் புகுந்து போகிற பாலம். நீ பன்னிரண்டு அடி நாலு அங்குலம் என்று போட்டிருந்தாய். அங்கே நிற்கிற போர்டில் பன்னிரண்டு அடி ஒன்பது அங்குலம். இரண்டும் ஒத்துவரவில்லையே என்று ஒரு டிரைவர் கேட்டு எழுதியிருந்தார். அதற்குக் கீழே இன்னொருவர், ‘அண்ணன் போட்டதுதான் சரி, அவரு அளக்காமப் போடமாட்டாரு’ என்று எழுதியிருந்தார்.

அந்த ஒரு வரி எனக்கு ஆகவில்லை. முப்பது வருசமாக லாரி பாடி கட்டுகிறவன் நான். உயரம் எனக்குத் தெரியாதா? நீ கீபோர்டு தட்டுகிறவன். அளவு டேப் பக்கத்திலேயே ஆணியில் தொங்கியது. பைக்கை எடுத்தால் இருபது நிமிசம். போகவில்லை. சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, உன் நாலை எடுத்துவிட்டு ஒன்பது போட்டேன். ‘அனுப்புக’ என்று ஒரு பொத்தான் வரும்; ‘சரிபார்த்தேன்’ என்று இன்னொரு பொத்தான் வரும். இரண்டையும் நானே அமுக்கினேன்.

நீ கீழே ஒரு குறிப்பு எழுதியிருந்தாய். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டதில் ரோடு ஐந்து அங்குலம் ஏறிவிட்டது, அதற்கப்புறம் அளந்தது என்று. நான் அதைப் படிக்கவில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த உன் பெயரை மட்டும்தான் படித்தேன்.

நாலாம் நாள் காலையில் குமாரபாளையம் டிரைவர் ரபீக் பேல் பேலாகத் துணி மூட்டை ஏற்றிக்கொண்டு அந்த வழியில் வந்தார். தரையிலிருந்து பன்னிரண்டு அடி ஆறு அங்குலம் லோடு. எப்போதும் சுற்றிப் போகிறவர், ஒன்பது என்று பார்த்ததும் உள்ளே விட்டுவிட்டார். மேல்சட்டம் பிய்ந்து இரண்டு பேல் ரோட்டில் உருண்டது. பின்னால் மொபெட்டில் வந்த ஒரு அம்மாள் சட்டென்று பிரேக் பிடித்துக் கீழே விழுந்து, முழங்கைச் சிராய்ப்போடு எழுந்துவிட்டார். பேல் கிடந்தது அவருடைய முன்சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால்.

அங்கே நின்றுகொண்டே ரபீக் எனக்கு ஃபோன் செய்தார். “ஏனுங்கண்ணா, இங்க அளவு மாறியிருக்குதுங்களே. வெளியாளு எவனாச்சும் உள்ள பூந்துட்டானுங்களா?”

“பாக்கறேனுங்க பாய்.”

“குமரேசண்ணன் இருந்திருந்தா இப்படி ஆயிருக்காதுங்க.”

வண்டி மாட்டிக்கொண்டு நிற்கும்போதும் உன் பெயர்தான். எனக்குப் பயம் வந்தது. பயப்படும்போதே உன்மேல் எரிச்சலும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே ஆளுக்கு வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

நம் ஆப்பில் எந்த எண்ணை யார் மாற்றினார் என்று உள்ளே ஒரு பட்டியல் உண்டு. யாரும் பார்க்கலாம், யாரும் பார்க்கிறதில்லை. சாவி வைத்திருப்பவன் அதைக்கூட அழித்துவிடலாம் என்று நீ ஒரு தடவை சொன்னது ஞாபகம் வந்தது. எப்படி அழிப்பது என்பதை மட்டும் சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டாய். வேறு வழியில்லாமல் சுகந்தியிடம் போனேன். வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள் அல்லவா, மேசையில்தான் இருந்தாள்.

“சாமி, ஒரு சந்தேகம். இந்த ஆரு மாத்துனாங்கன்னு ஒரு வரி வருமல்ல, அத எடுக்க முடியுமா?”

“எந்த வரிங்கப்பா?”

“சும்மா. பொதுவாக் கேக்கறேன்.”

“பொதுவா எடுக்கக்கூடாதுங்கப்பா.”

“செரி, எடுக்கறவங்க எப்படி எடுப்பாங்க?”

அவள் நாற்காலியைத் திருப்பினாள். “அப்பா, ரபீக் அண்ணன் மாட்டுன பாலமுங்களா?”

நான் ஃபேனைப் பார்த்தேன்.

“நீங்க போய் அளந்தீங்களா?”

“போர்டு இருக்குதல்ல.”

“அனுப்புனது ஆருங்க?”

“நான்தான்.”

“சரிபாத்தது?”

“அதும்…”

“ஏனுங்கப்பா, உங்க பட்டறையில போல்ட்டு முறுக்குனவனே பொட்டும் வெப்பானுங்களா?”

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாடியைச் சேஸ் என்கிற அடிச்சட்டத்தோடு சேர்க்கிற போல்ட்டை எங்கள் பட்டறையில் ஒருவன் முறுக்கினால், இன்னொருவன் ஸ்பேனர் போட்டுப் பார்ப்பான். அசையவில்லை என்றால் மஞ்சள் பெயிண்டில் ஒரு பொட்டு வைப்பான். முறுக்கினவன் பிரஷ்ஷைத் தொடவே கூடாது. எவ்வளவு நல்ல ஃபிட்டராக இருந்தாலும் சரி, என் கூடப்பிறந்த தம்பியாக இருந்தாலும் சரி. அவசரம் என்று தானே பொட்டு வைத்த ஒரு ஃபிட்டரை, அவன் இருபது வருச அனுபவத்தையும் பார்க்காமல், ஒரு வாரம் இந்தப் பக்கம் வராதே என்று அனுப்பியவன் நான். போல்ட்டுக்குத் தெரிந்த நியாயம் எனக்குப் பொத்தானில் தெரியவில்லை.

“அந்த வரிய நான் எடுக்கமாட்டேன். நீங்களும் எடுக்காதீங்க” என்றாள் சுகந்தி. “ஞாயித்துக்கெழமை எல்லாத்தையும் கூப்புடறேன். நீங்களே சொல்லிருங்க.”

“சொல்லாட்டி?”

“நான் சொல்லுவேனுங்க.”

நடுவில் மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாளும் சாவி என்னிடம்தான். ஒரு நாள் உள்ளே போய் ஆட்களின் பட்டியலைத் திறந்தேன். ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் ‘நீக்குக’ என்று இருக்கும். சுகந்தி பெயருக்கு நேராக என் கட்டைவிரல் கொஞ்ச நேரம் நின்றது. பெற்ற மகள் மாப்ளே. நல்லவன் கையில் இருந்தால் போதும் என்று சொன்னாயே, அந்தக் கை எதுவரை போகும் என்று அன்றைக்குப் பார்த்தேன். நான் நல்லவன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பொறாமைக்காரனும்கூட. அதை நீ அந்தக் கல்யாணப் பத்திரிகையில் எழுதவில்லை.

விரலை எடுத்துவிட்டேன். எடுத்தது நல்ல குணத்தாலா, பயத்தாலா என்று இன்னும் எனக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஆப்பின் உள்வேலை பார்க்கிற நம் பிரவீன் வீட்டு மாடியில் கூடினோம். ரபீக் வந்தார், அதே உள்வேலை பார்க்கிற ஸ்டெல்லா டீச்சர் கெங்கவல்லியிலிருந்து வந்தார், சரசுவும் வந்திருந்தது. மொத்தம் பதினோரு பேர். தட்டுவடை செட் வாங்கி வைத்திருந்தார்கள், நான் தொடவில்லை. எழுந்து நின்று சொன்னேன். அளவை மாற்றியது நான், அளக்காமல் மாற்றினேன், சரிபார்த்தேன் என்று அமுக்கியதும் நான். பட விசயத்தைச் சொல்கிற எண்ணமே எனக்கு இல்லை. வாய் அதுபாட்டுக்கு அதையும் சொல்லிவிட்டது.

“அடக் கருமமே!” என்றது சரசு. “நான் கண்ணாடியே மாத்திட்டனுங்களேண்ணா!”

எல்லோரும் சிரித்தார்கள். ரபீக் மட்டும் சிரிக்கவில்லை.

“தப்பு ஆரு வேண்ணாலும் பண்ணுவாங்கண்ணா. அந்தம்மா மேல பேலு உளுந்திருந்தா?”

சிரிப்பு நின்றுவிட்டது.

சுகந்தி அந்த இரண்டு பக்கத்தையும் வாசித்தாள். அளந்து அனுப்பியவரைத் தவிர இன்னொருவர் நேரில் போய் அளந்த பிறகுதான் எந்த எண்ணும் உள்ளே போகும். சாவி மூன்று பேரிடம் இருக்கும். இரண்டு பேர் சேர்ந்தால்தான் திறக்கும். அந்த மூன்று பேரையும் வருசா வருசம் எல்லோரும் கைதூக்கித் தேர்ந்தெடுப்பார்கள். நடுவில் சரியில்லை என்று பாதிக்கு மேல் கை எழுந்தால், அன்றைக்கே இறங்கிவிட வேண்டும். யார் எதை மாற்றினார் என்கிற பட்டியலை அந்த மூன்று பேர் சேர்ந்தாலும் அழிக்க முடியாதபடி பூட்டிவிட வேண்டும்.

ஒருவரும் மறுக்கவில்லை. பிரவீன் மட்டும், இதற்குக் குமரேசன் விதி என்று உன் நினைவாகப் பெயர் வைக்கலாமே என்றான். எனக்குப் பொறுக்கவில்லை.

“அவன் இந்தத் தாளச் சட்டைப்பையில போட்டுட்டுத் திரிஞ்சவன். தப்புப் பண்ணி இத இங்க வரைக்கும் கொண்டாந்தது நானு. பேரு அவனுக்கா?”

“அப்ப உங்க பேரையே வெச்சிரலாமுங்கண்ணா” என்றார் ரபீக். அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார். கடைசியில் யார் பெயரும் வைக்கவில்லை.

சாவிக்கு ஆள் தேர்ந்தெடுக்கிற நேரம் வந்தது. ரபீக், ஸ்டெல்லா டீச்சர், பிரவீன் மூவருக்கும் கைகள் கடகடவென்று எழுந்தன. மரியாதைக்காக என் பெயரையும் ஒருவர் சொன்னார். இரண்டு கை எழுந்தது. ஒன்று சரசுவுடையது. இன்னொன்று என்னுடையது. சுகந்தி தன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கேயே பாஸ்வேர்டை மாற்றினார்கள். உன் கோணல் எழுத்து அதற்குமேல் எதையும் திறக்காது.

திரும்பி வரும்போது பஸ் ராசிபுரத்தில் நின்றது. பொறுக்கமாட்டாமல் சுகந்தியிடம் கேட்டேன். “குமரேசன் உசுரோட இருந்து, அவன் பேரச் சொல்லியிருந்தா கையத் தூக்கியிருப்பயல்ல?”

“மாட்டனுங்க.”

“பொய் சொல்லாத சாமி.”

“நெசமாத்தானுங்கப்பா. மாமா நல்லவருதான். ஆனா எப்பக் கேட்டாலும் சிரிச்சே அனுப்பிச்சுட்டாரு. கடைசி வரைக்கும் சாவியக் கீழ வெக்கலீங்க. நீங்க மொறைச்சீங்க, மறைச்சீங்க, என்னையத் தூக்கீரலாமான்னுகூட நெனச்சிருப்பீங்க. ஆனா எந்திரிச்சு நின்னீங்கல்ல?”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கட்டைவிரல் விசயம் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை. ஒன்று மட்டும் மனதில் ஓடியது. பத்துப் பேர் சேர்ந்து பிடுங்கித்தான் என்றாலும், சாவியைக் கீழே வைத்தவன் நான். இந்த ஒன்றில் உன்னை முந்திவிட்டேன் மாப்ளே. நீ இருந்திருந்தால் வைத்திருப்பாயா? சிரிக்காமல் சொல்.

உன் படத்தைப் பழைய அளவுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். சரசு பழைய கண்ணாடியையே போட்டுக்கொள்கிறது. ரபீக்கின் மேல்சட்டத்தை என் பட்டறையிலேயே பிரித்துக் கட்டிக்கொடுத்தேன். போல்ட்டுக்கு அவரே வந்து பொட்டு வைத்தார். கீழே விழுந்த அந்த அம்மாளின் வீட்டைத் தேடிப் போய் என்னால் வந்த வினை என்று சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை. அது அவருடைய நியாயம்.

இனி நல்ல சேதி. வாய்க்கால் பக்கம் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு தண்ணீர்க் குழாய் போகிறதே, அதற்கு நீ பதிமூன்று அடி ஒரு அங்குலம் என்று போட்டிருக்கிறாய். போன வாரம் மூங்கில் கழியில் டேப்பைக் கட்டி அளந்தேன். பன்னிரண்டு அடி பதினோரு அங்குலம்தான் வருகிறது. இரண்டு அங்குலம் தப்பு. நீ! நடுரோட்டில் நின்று சிரித்தேன். ஒரு பஸ்காரன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான்.

உடனே அனுப்பினேன். முன்னே என்றால் அந்த நிமிசமே மாறியிருக்கும். இப்போது ரபீக்கிடமிருந்து பதில் வருகிறது: ‘மூங்கி வளைஞ்சு நுனி குழாயத் தொட்டிருக்காது. இரும்புக் கழி எடுங்க. நானும் வாரேன்.’ என் எண் வாசலிலேயே நிற்கிறது. அதுவரைக்கும் உன் எண்ணுக்குப் பக்கத்தில் ‘சந்தேகம், மெதுவாகப் போகவும்’ என்று காட்டுகிறது. உன் பெயர், பக்கத்திலேயே சந்தேகம். அதைப் பார்ப்பதற்காகவே தினம் நாலு தடவை ஆப்பைத் திறக்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறோம். கழியை நான் பிடிப்பேன், எண்ணை ரபீக் படிப்பார். நீ போட்டது சரி என்றால் நான் அனுப்பிய தப்பு எண் என் பெயரோடு அந்தப் பட்டியலில் கிடக்கும். நான் சரி என்றால் உன் தப்பு உன் பெயரோடு கிடக்கும். எதையும் எடுக்கச் சொல்லி யாரிடமும் போய் நிற்கமாட்டேன். உன்னை ஜெயிக்க வேண்டும் என்கிற ஆசை எனக்குப் போகாது, அதை விடுகிறேன் என்று பொய்ச்சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் இனிமேல் ஜெயிப்பதாக இருந்தால், இன்னொருத்தர் அளந்து பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் ஜெயிப்பேன். இது சத்தியம்.

உன்னைப் போலச் சண்டை போட வேறு ஆள் கிடைக்காத,
சரசுவுக்கு அண்ணனும் சுகந்திக்கு அப்பனும் ஆன,
உன் மாப்பிள்ளை முத்துசாமி